ஊதா வெள்ளைக் கயிறு

ஓர் ஆளை இரும்பு ஏணியின் உச்சியிலிருந்து பிடித்துத் தள்ளினேன். கை தவறிப் பட்டுவிட்டது என்றெல்லாம் கதை சொல்லப் போவதில்லை. முதுகில் இரண்டு கையையும் வைத்து, பலம்கொண்ட மட்டும் தள்ளினேன். அதைப் பார்த்தவள் அவருடைய மகள் ஒருத்திதான். எட்டு வயது. அவள் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதைப் பொறுத்துத்தான் அன்றைக்கு என் வேலை, என் மானம், நான் ஜெயிலுக்குப் போவேனா வீட்டுக்குப் போவேனா என்பதெல்லாம் இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் பிழைப்பே குழந்தைகளிடம் கேள்வி கேட்பது. ‘நம்ம ஆள்’, ‘அவங்க ஆள்’ என்கிற எண்ணம் எந்த வயதில் உள்ளே புகுந்து உட்காருகிறது, யாருக்கு ரெண்டு ஸ்டிக்கர் கொடுக்கிறார்கள், யாருக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள், யார் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்கள், இதையெல்லாம் கேட்டு எழுதி ஆராய்ச்சிக் கட்டுரையாக்குவேன். குழந்தைகள் வெறுப்போடு பிறப்பதில்லை என்று மேடையில் பேசுவேன். கை தட்டுவார்கள். ஆனால் எனக்கே சின்ன வயதிலிருந்து வாயைவிடக் கை முந்தும். தாராவியில் ஒற்றை அறையில் ஆறு பேரோடு வளர்ந்தவள். அடி வாங்கினேன், திருப்பியும் அடித்தேன். செம்பூரில் ஃப்ளாட் வாங்கி, மேடம் ஆன பிறகும் அது போகவில்லை. லோக்கல் ட்ரெயினில் சீட்டுக்காக ஒரு பெண்ணைக் கைப்பையால் முகத்தில் அடித்திருக்கிறேன். அன்றைக்கும் ஒரு கருத்தரங்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு, என்ன செய்ய?

இந்தத் தடவை நான் வளர்ந்த பக்கத்திலேயே வேலை. தாராவியில் ஒரு மாடி அறையில் மாலை ட்யூஷன் நடந்தது. இருபத்து நாலு பிள்ளைகள், எல்லாம் இரண்டாவது மூன்றாவது வகுப்பு. முக்கால்வாசிப் பேருக்குத் திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம், ஆனால் சண்டை வந்தால் வாயில் வருவது ஹிந்திதான். என் திட்டம் எளிது. சீட்டுக் குலுக்கிப் போட்டு, பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு அணிக்கும் ஒரு கலர் கயிறு, மணிக்கட்டில். காரணமே இல்லாத பிரிவு. மூன்று வாரம் கழித்து, அந்த வெறும் கயிறு அவர்கள் மனசை என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கலர் தேர்ந்தெடுக்க ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். காவி கூடாது, பச்சை கூடாது, நீலம் கூடாது. இந்த ஊரில் ஒவ்வொன்றும் ஒரு கொடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கலவரம். கடைசியில் மாட்டுங்காவில் கோயில் பக்கத்துக் கடையில், ஊதாவும் வெள்ளையும் முறுக்கிய கயிறு ஒரு கட்டு, ரோஸும் கறுப்பும் முறுக்கியது ஒரு கட்டு வாங்கினேன். எந்தக் கட்சிக்கும் எந்தச் சாமிக்கும் சம்பந்தமில்லாத கலர். என்னைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன். பம்பாயில் பிறந்தவளுக்குக் கையில் கலர் கயிறு என்றால் ஆகஸ்ட் மாதம் காலேஜ் பசங்கள் கட்டிக்கொள்ளும் ஃப்ரெண்ட்ஷிப் பேண்ட்தான். பூர்வீக ஊரில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சாதிக்கு ஒரு கலர் என்று மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரிகிறார்கள், அதைப் பார்த்துத்தான் யாரை வெட்டுவது என்று முடிவு செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. இருபது வருடமாகப் பிள்ளைகளின் பேதபுத்தியைப் படிக்கிறவளுக்கு இது தெரியாது.

ட்யூஷன் எடுக்கிற பெண் ஒருமுறை சொல்லத்தான் செய்தாள். "மிஸ், வீட்டுக்குப் போறப்ப கயித்தக் கழட்டி வாங்கிருவமா? ஊர்ல இந்த மாரி கெட்டுனா ஒரு மாரி பேசுவாவன்னு எங்கம்மா சொல்லுதா."

"இது ஊரா? தாராவி. சும்மா பயப்படாத," என்றேன். ராத்திரியும் பகலும் கையிலேயே கிடந்தால்தான் அது ‘என் கலர்’ ஆகும். கழற்றினால் ஆராய்ச்சி கெட்டுவிடும்.

முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சுட்டிப் பெண் இருந்தாள். வாய் ஓயாது. சீட்டு எடுக்கும்போது முதல் ஆளாக வந்து ஊதா வெள்ளை எடுத்தாள். இது வெறும் குலுக்கல்தான் என்று பிள்ளைகளுக்குக் காட்ட நானும் ஒரு சீட்டு எடுத்தேன். எனக்கும் ஊதா வெள்ளை. அவள் குதித்த குதியில் தரைத் தகடு அதிர்ந்தது.

"மிஸ்ஸு நம்ம டீமு! ஏ, மிஸ்ஸு நம்ம டீமுடா!"

என் கையில் அவளேதான் கட்டினாள். முனையைக் கடைவாயில் கடித்து இழுத்து, மூன்று முடிச்சு போட்டாள். "இனிமே அவுக்கக் கூடாது, சொல்லிட்டேன்," என்று என்னை மிரட்டினாள்.

ஆரம்பத்திலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு படம் காட்டியிருந்தேன். ஒரு பிள்ளை தரையில் விழுந்து கிடக்கும். இன்னொரு பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கும். தள்ளிவிட்ட கையா, தூக்கிவிடப் போகிற கையா என்பது படத்தில் தெரியாது. வேண்டுமென்றே அப்படி வரையச் சொன்னது. கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது, முகம் வெறும் வட்டம். இந்தப் பெண் யோசிக்கவே இல்லை. "பாவம், விழுந்துட்டு. அது தூக்கி விடுது," என்றாள். எழுதிக்கொண்டேன்.

கயிறு கட்டிய நாலாம் நாள், தண்ணீர்க் குழாயடியில் ஊதாப் பையன்கள் மூன்று பேர் ஒரு ரோஸ் பையனைச் சுவரில் வைத்து மோதினார்கள். நெற்றி வீங்கியது. இரண்டாம் வாரம் ஒரு ரோஸ் பையன் ஊதாப் பையன் தொடையில் காம்பஸ் முள்ளை இறக்கினான். அந்த முள் உள்ளே போன ஆழத்தை இப்போதும் என்னால் விரலில் காட்ட முடியும். என் சுட்டிப் பெண், அதுவரை ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தன் தோழியின் வாயில் ஸ்டீல் தண்ணீர் பாட்டிலால் அடித்தாள். உதடு பிளந்து, சட்டை முழுக்க ரத்தம். ஏன் அடித்தாய் என்று கேட்டேன். "அவ ரோஸுல்லா," என்றாள். வேறு காரணம் எதையும் அவள் தேடவில்லை.

எனக்கு அப்போது வந்தது பயமில்லை. சந்தோஷம். உண்மையைச் சொல்கிறேன், ஆராய்ச்சி பலித்துவிட்ட சந்தோஷம். மருந்து போட்டேன், அதட்டினேன், அப்புறம் நோட்டை எடுத்து எழுதினேன்: எத்தனாவது நாள், யார் யாரை, எங்கே, எதனால். மூன்றாவது வாரம் அதே படத்தைத் திரும்பக் காட்டினேன். இந்தத் தடவை நிற்கிற பிள்ளையின் கையில் ரோஸ் கறுப்புக் கயிறு வரைந்திருந்தது.

"தள்ளிட்டு நிக்கி பாருங்க மிஸ். அது மூஞ்சியப் பாத்தாலே தெரியலயா?" என்றாள், அந்த வெறும் வட்டத்தைக் காட்டி.

அன்றைக்கே எல்லாக் கயிறுகளையும் அறுத்துக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். இன்னும் நாலு பிள்ளைகளிடம் கேள்வி பாக்கி இருந்தது. சனிக்கிழமை முடித்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பாவி.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வரவில்லை. ட்யூஷன் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "மிஸ், அவ அப்பா மூணு வாரமா வெளியூருக்கு வேலைக்குப் போயிருந்தார்லா, இன்னைக்குக் காலையிலதான் வந்தாரு. கயித்தப் பாத்துட்டாரு. துணி வெட்டுற கத்திரியால வெட்டிட்டாரு மிஸ். கையும் வெட்டுப்பட்டிருச்சு. ரத்தம் நிக்கல."

அவள் கை காட்டிய சந்துக்குள் ஓடினேன். கீழே தையல் பட்டறை. மேலே அவர்கள் வீடு. வெளிப்பக்கமாக, செங்குத்தான இரும்பு ஏணி. பட்டறையில் மெஷின்கள் ஒரே இரைச்சல். ஏறிப் போனேன். பத்துக்குப் பத்து அறை. அம்மா மூலையில் உட்கார்ந்திருந்தாள், ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மகள் தன் மணிக்கட்டில் துண்டைச் சுற்றிப் பிடித்திருந்தாள். துண்டு நனைந்து, முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் அழுகையை நிறுத்தினாள். அப்பா கையில் பெரிய கத்திரி. என் கையைப் பார்த்தார். அதே ஊதா வெள்ளை.

"நீதானா அது? யாரக் கேட்டுட்டி எம்புள்ள கையில இதக் கெட்டுன?"

"அண்ணாச்சி, இது ஒரு வெளையாட்டுக்கு. மொதல்ல புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவம்."

"வெளையாட்டா?" என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. "எந்தம்பி அப்ப ஏழாங்கிளாசு. பஸ்ஸு படியில நின்னுக்கிட்டு வந்தான். இந்தக் கயிறு கெட்டுன பயலுவதான் தள்ளி விட்டானுவ. பின் டயரு தலையில ஏறி எறங்கிச்சு. நான் பாத்தேன்ட்டி, நான் பின்னால நின்னேன். போலீசு வந்து கேட்டா, பஸ்ஸுல இருந்த ஊதா வெள்ளக் கயிறு பூராவும் ஒரே வாயா, 'அவனா விழுந்தாம்'னு சொல்லிட்டானுவ. அவனா விழுந்தானாம்! அந்த மண்ணே வேண்டாம்னுதான் இங்க ஓடியாந்தேன். இங்க வந்து எம்புள்ள கையிலயே கெட்டுதியே, நீ நல்லா இருப்பியா?"

காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. என் கண் முழுக்க அந்தத் துண்டுதான் இருந்தது. "அதுக்கு இந்தப் புள்ள என்ன செய்யும்? பெத்த புள்ளைய வெட்டுவீங்களா? மனுஷனா நீங்க?" என்று கத்தினேன்.

என் கயிற்றையும் வெட்டக் கத்திரியைக் கொண்டுவந்தார். என் தோல் கிழிந்தது, கயிறு அறுபடவில்லை. சலித்துப்போய்க் கத்திரியை மூலையில் வீசினார். என் கையை விட்டார். திரும்பி மகளை ஓங்கி அறைந்தார். "கெட்டுனா கெட்டிக்கிட்டு வந்துருவியா நீ?" அவள் தலை இரும்பு பீரோவில் போய் மோதிய சத்தம் கேட்டது. பிறகு வாசலுக்குப் போய், நிலையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று சந்தில் காறித் துப்பினார். அவர் கையில் கத்திரி இல்லை. என்னை அவர் பார்க்கவும் இல்லை. அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுதிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

நான் தள்ளினேன்.

கீழே இருந்த தண்ணீர் பீப்பாயின் விளிம்பில் அவர் தோள் அடித்து, அப்புறம் தரையில் தலை. மெஷின் இரைச்சலைத் தாண்டி அந்த முறிவுச் சத்தம் கேட்டது. அம்மா முகத்தை முழங்காலில் புதைத்திருந்தாள், அவள் பார்க்கவில்லை. மகள் பார்த்தாள். நான் ஏணியில் விழுந்தடித்து இறங்கி, அவர் பக்கத்தில் போய் இரண்டு கையையும் நீட்டிக் குனிந்தேன். ரத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் பட்டறை ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

"இவதான்... தள்ளிட்டா..." என்று முனகினார்.

யாரோ என் பின்னலைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு கை என் கன்னத்தில் விழுந்தது, இன்னொன்று விலாவில். ஹிந்தியிலும் தமிழிலும் கேட்டறியாத வசவெல்லாம் கேட்டேன். செத்தேன் என்று நினைத்தேன். அப்போது மேலேயிருந்து அவள் குரல் வந்தது. வாசலில் நின்று, துண்டு சுற்றிய கையை நீட்டிக் கத்தினாள்.

"அடிக்காதீய! அப்பாவா விழுந்தாரு! மிஸ்ஸு தூக்கி விடுதாவ!"

என் பின்னலைப் பிடித்திருந்த கை விட்டது. எனக்கு உயிர் வந்தது. அந்த உயிர் எப்படி வந்தது என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். அந்தப் படத்தை அவளுக்கு இரண்டு தடவை காட்டியவள் நான்தானே.

பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்குக் காறை எலும்பு முறிவு, தலையில் தையல். அவளுக்கு மணிக்கட்டில் தையல். தகரத்தில் வெட்டிக்கொண்டாள் என்று அம்மா சொன்னாள். சாயங்காலத்துக்குள் ஒரு கான்ஸ்டபிள் நோட்டோடு வந்தார். மராட்டிக்காரர், வயசாளி, தன்மையாகப் பேசினார். கட்டிலில் கிடந்தவர் என்னைக் காட்டி, "இந்தப் பொம்பளதான் தள்ளுனா சாப்," என்று ஹிந்தியில் சொன்னார். கான்ஸ்டபிள் என்னை மேலும் கீழும் பார்த்தார். மகளிடம் குனிந்து, பயப்படாமல் சொல்லு மகளே, மேடம் தள்ளினார்களா என்று கேட்டார்.

"நஹி. பப்பா குத் கிரே. மிஸ் உட்டா ரஹி தீ." அப்பாவாகத்தான் விழுந்தார், மிஸ் தூக்கினார்கள். தெளிவாக, பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னாள்.

வாயைத் திற, சொல்லித் தொலை என்று எனக்குள் ஒருத்தி அடித்துக்கொண்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டிலில் கிடந்தவர் மகளையே பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். "அவனா விழுந்தாம்," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பத்து வயது கூடின மாதிரி இருந்தது அந்த முகம். கான்ஸ்டபிள் பக்கம் திரும்பி, "ஹாங் சாப். மை குத் கிரா," என்றார். ஆமாம், நானாகத்தான் விழுந்தேன். மகள் போலீஸில் பொய் சொன்னவள் ஆகிவிடக் கூடாது என்று நினைத்தாரா, போராடிப் பயனில்லை என்று முன்பே கற்றிருந்தாரா, எனக்குத் தெரியாது. கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டு நோட்டை மூடினார்.

அவள் என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். "மிஸ், கரெக்டாச் சொன்னேன்லா?" என்று காதில் கேட்டாள். கட்டுப் போடாத இடது கையை நீட்டினாள். "இதுல புதுசு கெட்டி விடுங்க."

என் பையில் கயிற்றுக் கட்டு இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. கையில் கிடந்த கயிறு நெருப்பாகத் தகித்தது. அவள் போட்ட மூன்று முடிச்சையும் நகத்தால் பிய்த்தேன், வரவில்லை. பல்லால் கடித்து அறுத்துத் தரையில் எறிந்தேன்.

அவள் என் வெறும் கையைப் பார்த்தாள். "ஏன் அவுத்தீங்க? அவுக்கக் கூடாதுன்னு சொன்னேம்லா?"

"போதும் கண்ணு. முடிஞ்சிருச்சு."

"அப்ப நம்ம டீமு?"

"டீமெல்லாம் கெடையாதுடா. சும்மா சீட்டுக் குலுக்கிக் கெட்டுனது. சும்மா."

கட்டுப் போட்ட கையாலேயே என் வாயில் அடித்தாள். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. தையல் பிரிந்து அவள் கட்டு சிவந்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை. வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"இவதான் தள்ளுனா! எங்கப்பாவ இவதான் தள்ளுனா! நான் பாத்தேன், ரெண்டு கையும் வச்சுத் தள்ளுனா!"

மிஸ் போய் ‘இவ’ ஆகிவிட்டேன். கயிறு கீழே விழுந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மூன்று வாரத்தில் எந்தப் பிள்ளையும் சொல்லாத உண்மையை அவள் தமிழில் சொன்னாள். அந்த வார்டில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் நாலு பேர்தான். அவள் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா வீங்காத கண்ணால் என்னையே பார்த்தாள்.

கதவருகே போய்விட்ட கான்ஸ்டபிள் திரும்பி வந்தார். படித்தவள் என்று என்னிடம்தான் கேட்டார்.

"க்யா போல் ரஹி ஹை, மேடம்?" என்ன சொல்கிறாள் பிள்ளை?

உதட்டு ரத்தத்தை விழுங்கினேன்.

"பானி மாங்க் ரஹி ஹை," என்றேன். தண்ணீர் கேட்கிறாள்.

அவளுக்கு என்னைவிட நன்றாக ஹிந்தி தெரியும். அவள் கத்தல் அப்படியே நின்றுபோனது. கான்ஸ்டபிள் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து அவள் இடது கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், முழுப் பாட்டிலையும் குடித்தாள்.